நத்தைக்கல்

“பாறையைப் போய் பாஸ்போர்ட் சைஸ்ல எடுத்திருக்கீங்களே, பல்செட் சார்! வெளிநாட்டுக்கு எங்கேயும் அனுப்பப் போறீங்களா அதை?”

ஓடைக்கரையில் நின்றிருந்த மொத்தக் கூட்டமும் சிரித்தது. அவன் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்துவைத்தான். கேலி செய்த குழுத் தலைவரிடமிருந்து கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

அவன் பல்செட் செய்யும் பட்டறை வைத்திருப்பவன். மாதம் ஒரு ஞாயிறு இப்படி ஓடை, காடு என்று கேமராவோடு நடக்கும் இந்தக் குழுவுக்குத் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முதல் நாளே அவர் ‘பல்செட் சார்’ என்று கூப்பிட, அதுவே அவன் பெயராக ஒட்டிக்கொண்டது. அவன் ஆசையாக எடுத்த நாரையைப் பார்த்து, “குடை ரிப்பேரா?” என்றார். தும்பியை ஈ என்றார். “கடைக்கு வாங்க, உங்களுக்கு மட்டும் கண் டெஸ்ட் இலவசம்” என்று ஊர் கேட்கச் சொன்னார்.

“அவ்வளவு வலிச்சா வராமலே இருந்துடலாமேங்க?” என்றாள் மனைவி, பின்னால் நடந்தபடி.

“நான் ஏன் ஓடணும்? இன்னிக்கு யாரு ஓடுறாங்கன்னு மட்டும் பாரு.”

முன்னால் போய்க்கொண்டிருந்த கடைக்காரர் கையைத் தூக்கினார். “பயப்படாம வாங்க! நேத்தே வந்து ஒவ்வொரு கல்லையும் மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் போனேன்.”

‘மிதி, நல்லா மிதி’ என்று அவன் மனதுக்குள் கறுவினான்.

புதன்கிழமையே அவன் இங்கே வந்துபோயிருந்தான். பல் அச்சு எடுக்கும் மாவில் சாயம் கலந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு நத்தைச் சுருள் செய்து, வரிவரியாகக் கீறி, வளைவில் சாய்ந்து நிற்கும் மரத்தின் வேரடியில் செருகிவிட்டுப் போயிருந்தான். அடிப்பக்கம் தன் பெயரின் முதலெழுத்தையும் செதுக்கியிருந்தான். கோடி வருஷத்துப் புதைபடிவம் என்று அந்த ஆள் வாய்கிழியப் பேசி முடித்ததும் திருப்பிக் காட்ட வேண்டும். அதற்கப்புறம் எந்த முகத்தோடு நடக்கிறார், பார்த்துவிடலாம்.

வளைவு வந்தது. கிளையில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்க, எல்லோரும் கேமராவை மேலே தூக்கினார்கள். கடைக்காரர் மட்டும் கீழே பார்த்தார்.

“யாரும் அசையாதீங்க!”

வேருக்குச் சற்றுத் தள்ளி, நேற்றிரவு மழை அரித்த மண்சரிவில் சுருள் ஒன்று பாதி தெரிந்தது. தான் செருகியதைத் தண்ணீர் இழுத்துப்போட்டிருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவர் மண்டியிட்டுப் படமாக எடுத்துத் தள்ளினார். பிறகு மெல்லத் தோண்டி வெளியே எடுத்தார். நகத்தால் சுரண்டினார். நாக்கு நுனியில் வைத்தும் பார்த்தார். ‘நக்கு, ஆசை தீர நக்கு’ என்று அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

“இங்கே கடல் இருந்த காலத்துல வாழ்ந்த ஜீவனுங்க இது,” கடைக்காரரின் குரல் கம்மியது. “இந்த ஓடையில இப்படி ஒண்ணு கண்ணுல படாதான்னு எத்தனை வருஷமா அலைஞ்சேன்!”

“வயசு என்ன இருக்கும் சார்?” என்றான் அவன், குரலில் தேன் ஒழுக.

“பல கோடி வருஷம்.”

“புதன்கிழமை பொறந்ததுக்கு அதுக்குள்ள அவ்வளவு வயசாயிடுச்சா?”

சொல்லிக்கொண்டே வெடுக்கென்று பிடுங்கினான். கனத்தது. தண்ணீர் ஊறியிருக்கும். திருப்பினான். எழுத்தைக் காணோம், சேறுதான் அப்பியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தான். அப்போதும் இல்லை.

“என்ன பல்செட் சார், அதுக்குப் பல் முளைச்சிருக்கான்னு பார்க்கிறீங்களா?”

சிரிப்பு கரை முழுக்க உருண்டது. மனைவியின் சிரிப்பு அதில் தனியாகக் கேட்டது. அவனுக்குள் ஏதோ அறுந்தது.

“இது கல்லே இல்லடா! என் பட்டறை மாவு! இந்தக் கையால நான் செஞ்சது! உள்ளே வெள்ளையா இருக்கும், பார்றா!”

“ஐயோ, வேணாம்! உங்க கால்ல விழறேன், குடுத்துடுங்க!”

கடைக்காரர் கெஞ்சி அவன் கேட்டதே இல்லை. எல்லோர் முன்னாலும் ஏமாந்து நிற்கப் போகிற பயம் என்று நினைத்தான். அந்தச் சந்தோஷத்தோடே ஓங்கிப் பாறையில் அறைந்தான்.

சுருள் பிளந்தது. வெள்ளை மாவு இல்லை. அறை அறையாகச் சுழன்று போன உட்புறம், ஒவ்வோர் அறையிலும் தேன் நிறப் படிகம். ஒரு கணம் வெயிலில் மின்னியது. பிறகு துண்டு துண்டாகத் தண்ணீருக்குள் சரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

அவன் வேரடிக்கு ஓடி, இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தான். “இங்கேதான் வெச்சேன்... இங்கேதானே வெச்சேன்...”

கடைக்காரர் முழங்கால் தண்ணீரில் குனிந்து, எஞ்சிய சில்லுகளைக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அங்கே இருக்காது. நேத்து வந்தப்பவே எடுத்துட்டுப் போயி, கடையில ஒளிச்சு வெச்சுட்டேன். அடியில உங்க எழுத்து இருந்துச்சு.”

மண் அப்பிய கையோடு அவன் எழுந்தான். “தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல? என்னை நார்நாராக் கிழிச்சிருக்கலாமே?”

கடைக்காரர் கைக்குட்டையை முடிச்சுப் போட்டார்.

“உங்க சம்சாரம் முன்னாடி அதை எப்படிங்க சொல்றது?”