கடற்கரையார் வீட்டு விசைப்பலகை

விசைப்பலகையில் எழுத்துகள் இருக்கும் இடம் வீட்டுக்கு வீடு வேறு. எங்களுடையது கணினியில் ‘மேலவீடு’ என்ற பெயரில் இருக்கிறது. அதில் வெளியாள் விரல் பட்டதில்லை.

தாலி ஏறியதும் என் மகள் நன்முல்லை மேடையில் வைத்திருந்த தொடுதிரைக் கணினியில் அமைப்புகளைத் திறந்தாள். மேலவீட்டை நீக்கி, மாப்பிள்ளையின் ‘கடற்கரையார் வீடு’ பலகையைத் தேர்ந்தெடுத்தாள். விசைகளின் மேல் பொடி எழுத்துகள் இடம் மாறின. அதில் புதுப்பெண் தன் பெயரை அடிக்க வேண்டும். அவள் எழுத்தைத் தேடித் தடுமாறுவாள், மாப்பிள்ளை விரலைப் பிடித்துக் காட்டுவார், கூட்டம் சிரிக்கும். அதுதான் முறை.

நன்முல்லை பலகையைப் பார்க்காமலேயே பெயரையும் ஊரையும் அடித்து முடித்தாள்.

பெண்ணும் பையனும் பேசிக்கொண்டதே இல்லை என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியிருந்தவன் நான்.

“ஏளா, கண்ண மூடிக்கிட்டு அடிக்காளே! எங்க வீட்டுப் பலகைய இவளுக்கு யாரு தந்தா?” என்றார் மாப்பிள்ளையின் அத்தை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நின்றேன்.

“நான்தான் வாங்கிப் பழக்கினேன். எங்க வீட்டுப் பிள்ளை போற இடத்துல தடுமாறக் கூடாது.”

“அப்போ நீங்களும் ஒரு வரி அடிங்க அண்ணாச்சி, பாப்போம்.”

விரல்களை வைத்தேன். முதல் எழுத்தே எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

“அப்பா கண்ணாடிய மறந்து வச்சிட்டு வந்துட்டாவ, அத்தை” என்றாள் நன்முல்லை, நிமிராமல்.

சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கண்ணாடியைத் தோள்துண்டால் மெல்ல மூடிக்கொண்டேன்.