கழுவாத கை

"யாரோ ஒளிஞ்சு நின்னு வேவு பார்க்கிறாங்களாம் அக்கா," என்றாள் நர்ஸ், ஐந்தாம் கட்டில்காரரின் சீழ்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றியபடி. "கையைக் கழுவாம அடுத்த நோயாளியைத் தொட்டா ஒரு கோடு. மூணு கோடு விழுந்தா வீட்டுக்கு நடைய கட்ட வேண்டியதுதான்."

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "யாராம் சிஸ்டர்?"

"புதுசா வந்த டாக்டரா இருக்கும். சிரிச்சே கழுத்தறுக்கிற மூஞ்சி. இல்லேன்னா மூலையில பேப்பர் படிக்கிற பெரியவர். நாலு நாளா ஒரே பக்கத்தையே பார்க்கிறாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே இந்த நர்ஸ்தான்.

ஆறாம் கட்டிலில், நேற்று வயிற்றில் ஆபரேஷன் ஆன பெண் வலியில் முனகினாள். "இதோ வந்துட்டேம்மா." நர்ஸ் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, குழாயைத் தாண்டி ஓடினாள். தையல் போட்ட இடத்துக்கு அவள் கை நீண்டது.

"தொடாதீங்க. கையைக் கழுவுங்க."

அக்கா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. நர்ஸ் முகம் சிவக்கக் கையைக் கழுவினாள். அந்தப் பெண்ணைக் கவனித்துவிட்டு நேரே வந்தாள்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா அக்கா?"

அக்கா மேலங்கிக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். நர்ஸின் பெயருக்கு நேரே இரண்டு கோடுகள் இருந்தன.

"பார்த்து எழுதணும், வாயைத் திறந்தா என் வேலை போயிரும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க சிஸ்டர். திறந்துட்டேன்."