குக்கருக்குப் பதில் வாளி

கிரைண்டருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, துண்டு நோட்டீஸை மேசையில் விரித்து இரண்டு கையாலும் நீவிவிட்டு, குக்கர் எங்கே என்று கேட்டார் அந்த அம்மாள்.

ராசப்பனுக்குப் பழகிப்போன கேள்விதான். பல்லடம் கடைவீதியில் கிரைண்டர், மிக்ஸி, பாத்திரம் எல்லாம் விற்கிற கடை அவருடையது. ஆடி பிறந்ததிலிருந்து தினமும் யாராவது இதைக் கேட்கிறார்கள்.

கிரைண்டர் வாங்கினால் ஐந்து லிட்டர் குக்கர் இலவசம் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. ஆனால் குக்கர் லோடு வரவில்லை. வந்தது பிளாஸ்டிக் வாளி.

'ஸ்டாக் உள்ளவரை' என்று ஒரு வரி போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். அந்த வரி வர வேண்டிய இடத்தில், தாம் கைகூப்பி நிற்கிற போட்டோவைப் போடச் சொல்லிவிட்டார். இப்போது அந்தப் போட்டோ மேசையில் கிடந்து அவரையே கும்பிட்டுக்கொண்டிருந்தது.

வழக்கமான பதிலை எடுத்துவிட்டார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சிரித்துக்கொண்டே ஒரு பச்சை வாளியை முன்னால் நகர்த்தினார். பெரும்பாலும் இதற்கே ஆட்கள் சிரித்துவிட்டு வாளியோடு போய்விடுவார்கள்.

கல்லாவில் இருந்த அவர் மனைவி புவனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இந்த வாளி விவகாரம் முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. சொன்னதைக் கொடுக்காமல் என்ன வியாபாரம் என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த அம்மாள் வாளியைத் தொடவில்லை.

"இது தானமில்லைங்க. இந்தக் குக்கரப் பார்த்துத்தானுங்க பக்கத்துக் கடைய உட்டுப்போட்டு உங்க கடைக்கு வந்தேன்."

கன்சூமர் கோர்ட், அது இது என்று அலைவதெல்லாம் நமக்குள் எதற்கு, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் ராசப்பனும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பார். இத்தனை மரியாதையாகச் சொன்னால் மனுஷன் என்னதான் செய்வது?

'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று ஏதோ இழுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் புவனா அவர் காதருகே குனிந்தாள். பில் போடும்போது கேட்டாளாம். அந்த அம்மாளுக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையமாம்.

ராசப்பன் பச்சை வாளியை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மகன் கிருபாசங்கருக்குப் பேசிக்கொண்டிருக்கிற பெண் மேட்டுப்பாளையம். பாக்கு மண்டிக்காரர் வீடு. எத்தனையோ ஜாதகம் பார்த்து, ஒன்றும் அமையாமல், குலதெய்வமே பார்த்துக் கொண்டுவந்து விட்ட இடம். பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் யாரையாவது கடைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வார்கள் என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார். ஆடியில் சம்பந்தம் பேச மாட்டார்கள், சரி. விசாரிப்பதற்கு ஏது ஆடியும் ஆவணியும்?

அவரே அதைச் செய்தவர்தானே. மகளுக்கு ஈரோட்டில் மாப்பிள்ளை பார்த்தபோது, மஞ்சள் வாங்க வந்த வியாபாரி போல மாப்பிள்ளை வீட்டு மண்டியில் அரை நாள் உட்கார்ந்து, தராசு முதற்கொண்டு நோட்டம் விட்டுத் திரும்பியவர். தான் கள்ளன், பிறரை நம்பான்.

பாழாய்ப்போன ஒரு வாளியால் மகனின் கல்யாணம் நின்றுவிடும் போலிருந்தது. அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். விற்பனைக்கு வைத்திருந்ததில் நல்ல கம்பெனிக் குக்கராக ஒன்றை எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்து, பெட்டியில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். தப்பு தம்முடையதுதான் என்று அவர் வாயாலேயே வந்தது.

அதோடு நிறுத்த மனம் கேட்கவில்லை. கடையில் வேலை பார்க்கிற சகாயத்தைக் கூப்பிட்டு, இதுவரை வாளி வாங்கிப் போன எல்லோருக்கும் போன் போட்டுக் குக்கர் வாங்கிப் போகச் சொல்லும்படி உத்தரவு போட்டார். அந்த அம்மாள் காதில் விழுகிற மாதிரி கொஞ்சம் உரக்கவே போட்டார். சகாயம் நம்பாமல் புவனாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

அம்மாள் மூடியைத் திறந்து, கேஸ்கட்டைத் தடவிப் பார்த்து, விசிலைக் குலுக்கிப் பார்த்துத் திருப்தியானார். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்திவிட்டு, கிரைண்டரோடும் குக்கரோடும் ஆட்டோ ஏறினார். ஆட்டோ திரும்பும்வரை ராசப்பன் வாசலில் நின்று கும்பிட்டார், நோட்டீஸில் இருக்கிற அதே கும்பிடு.

உள்ளே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பெண் வீட்டில் போய் நல்லபடியாகச் சொல்வாரா என்று மனைவியைக் கேட்டார்.

புவனா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள்.

அந்த அம்மாளுக்கும் பெண் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். பின் தெருவில் குடியிருக்கிற மகளைப் பார்க்க வந்தவராம். பெண் வீட்டார் ஆனி மாதமே, ராசப்பன் கோயமுத்தூர் போயிருந்த ஒரு நாளில், கடைக்கு வந்து மிக்ஸி வாங்குகிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்களாம். மறுநாளே புவனாவுக்குப் போன் போட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார்களாம். ஆவணி பிறந்ததும் வந்து உறுதி செய்வார்களாம்.

சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று ராசப்பனுக்குத் தெரியவில்லை. சகாயம் அதற்குள் போனில் யாரிடமோ, அவசரமே இல்லை, மெதுவாக வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்.

"சொல்லியிருந்தா, அந்த அம்மாளுக்கும் வாளியத்தானுங்களே குடுத்திருப்பீங்க?"