கம்பளம் கடித்த முயல்

"இந்த வீட்டில் ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் இரும்புக்காரர் கத்திய கத்தலில், சோபாவுக்கு அடியில் இருந்த முயல் காதை மடக்கிக்கொண்டது.

எல்லாம் கம்பளத்தால் வந்த வினை. கருஞ்சிவப்பில் ஹாலை நிறைத்துக் கிடந்த அதன் மூலை, உள்ளங்கை அகலத்துக்கு நூல் நூலாகப் பிரிந்திருந்தது. போன தடவை பிய்ந்த இடத்தை டீப்பாயை நகர்த்தி மறைத்தாயிற்று. அதற்கு முந்தினதை சோபாவை இழுத்து மூடியாயிற்று. இனி நகர்த்த ஹாலில் வேறு சாமான் இல்லை.

வெறும் சிமென்ட் தரையில் சாக்கு விரித்துப் படுத்து வளர்ந்த மனிதர். தெருவில் ஆணி பொறுக்கி ஆரம்பித்து, சொந்தக் கடை போட்டவர். அந்தக் கம்பளத்துக்காக விலை படியாமல் படியிறங்கி, திரும்பக் கூப்பிட வைத்து, மறுபடி படியிறங்கி, விற்றவன் கண்ணில் தண்ணீர் வரும்வரை பேரம் பேசியிருக்கிறார். அதை ஒரு முயல் தின்று ஏப்பம் விடுவதா?

"மிளகாய்த் தண்ணி தெளிக்கச் சொன்னேனே, தெளிச்சியா?"

"தெளிச்சேங்க. மாமாதான் கண்ணு எரியுதுன்னார்" என்றாள் மனைவி.

"கடிக்கிறதுக்குன்னு தனியா கட்டை வாங்கிப் போட்டேனே?"

"அதையும் கடிக்குதுங்க."

"நேத்து கூட்டைப் பூட்டிட்டுத்தானே கடைக்குப் போனேன்?"

"நான்தான் திறந்துவிட்டேன். பாவமா இருந்துச்சு."

"உன் பாவ புண்ணியத்துக்கு என் கார்பெட்தான் கிடைச்சுதா? அப்பாவுக்குப் பேச்சுத் துணைன்னு வாங்கிட்டு வந்தே. பேச்சுத் துணைக்கு யாராவது முயலை வாங்குவாங்களா? கிளியாவது வாங்கியிருக்கலாம்."

அவள் மாமனாரின் கையைப் பிடித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்துதானே வெட்டினே? தினம் தினம் வெட்ட அதென்ன புல்லா?"

"ஓரம் சொரசொரன்னு இருக்குங்க."

அப்பா இருவரையும் பார்க்கவில்லை. கொஞ்ச காலமாகவே அவருக்கு ஞாபகம் வந்து வந்து போகிறது. ஒருநாள் குழாயைத் திறந்துவிட்டு வீட்டை மிதக்க விட்டார். ஒருநாள் டிவி ரிமோட்டை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். கண்ணாடி அலமாரி அவர் கைபட்டுச் சில்லுச் சில்லாகப் போன அன்றைக்கு, இரும்புக்காரர் கடைசித் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு பொருள் இவர் கையால பாழாப் போகட்டும், முதியோர் இல்லம்தான். பேசி வெச்சுட்டேன்."

என்ன மாயமோ, அதற்கப்புறம் பெரியவர் அடங்கிவிட்டார். அவருடைய குத்தகையை முயல் எடுத்துக்கொண்டது.

இரும்புக்காரர் குனிந்து முயலை இழுத்துக் கூட்டில் போட்டுப் பூட்டினார். மனைவி வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, வேணாங்க. அது போயிட்டா..."

"போயிட்டா?"

"ஒண்ணுமில்ல."

அவள் முகம் வெளுத்திருந்தது. ஒரு முயலுக்கா இத்தனை துக்கம் என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

முயல் விற்ற கடையில் கூட்டை மேஜைமேல் வைத்தார்.

"வித்ததை நீயே எடுத்துக்கோ. பாதி விலை குடு, போதும். சந்தேகம்னா எடை போட்டுப் பாரு. என் கார்பெட்டைத் தின்னு, கூடத்தான் இருக்கும்."

கடைக்காரர் முயலை அடையாளம் கண்டு சிரித்தார்.

"இதுவா? அண்ணே, முயல் வாங்க வர்றவங்க எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, கார்பெட்டைக் கடிக்குமான்னுதான். கடிக்காதுன்னு சொல்லியே வித்துப் பழகிட்டேன். உங்க வீட்டம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன். அப்ப வேணாம்னு கிளம்பிட்டாங்க."

"கிளம்பிட்டாளா?"

"ஆமாண்ணே. கட்டாயம் கடிக்கிற முயலா இருந்தாக் குடுங்கன்னாங்க. என் சர்வீசுல அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவங்கதான்."

இரும்புக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அப்பாவின் கண்ணெரிச்சல் ஞாபகம் வந்தது. தினம் தினம் வெட்டிய நகம் ஞாபகம் வந்தது. கண்ணாடி அலமாரி உடைந்ததும், முயல் வீட்டுக்கு வந்ததும் அடுத்தடுத்த வாரம் என்பதும் ஞாபகம் வந்தது.

"சரிண்ணே, உங்களுக்காகப் பாதி விலை தர்றேன்."

"வேணாம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக, மறுபேச்சு பேசாமல் ஒரு கடையைவிட்டு இறங்கினார்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது மனைவி கம்பளத்தில் மண்டியிட்டு, சிவப்பு நூல்களை அவசரமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நட்ட நடுவில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, மகனைக் கண்டதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அவள் எழுந்து மாமனாரை மறைத்து நின்றாள். பழி போட வீட்டில் முயல் இல்லை.

இரும்புக்காரர் கையிலிருந்த கூட்டைக் கீழே வைத்தார். முயல் உள்ளேதான் இருந்தது, போட்ட பூட்டு போட்டபடி.

அதன் எதிரில் குனிந்தார்.

"சனியனே, மறுபடியும் கிழிச்சிட்டியா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

அப்பா மட்டும் மெல்ல எழுந்து வந்தார். மகனை ஏற இறங்கப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு கூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கெஞ்சினார்.

"பாவம் சார், அதுக்கு எதுவும் தெரியாது. வீட்டைவிட்டு மட்டும் அனுப்பிடாதீங்க."