தொண்ணூற்று மூன்றாவது பங்கு

கோட்டின் மேல் அவள் மட்டும் நின்றாள்.

மற்ற தொண்ணூற்றிரண்டு பேரும் பக்கம் பிரிந்துவிட்டார்கள். கிளப்பை விற்கலாம் என்பவர்கள் கோயில் பக்கப் பாதியில். கூடாது என்பவர்கள் கடல் பக்கப் பாதியில்.

இந்தக் கரையில் கால்பந்து கிளப்பின் எந்த முடிவும் இப்படித்தான். கை தூக்குவதில்லை. சீட்டுப் போடுவதில்லை. மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக நடக்க வேண்டும், எல்லோரும் பார்க்க.

ரெஃப்ரி ரெமிஜியுஸ் இரண்டு முறை எண்ணினார்.

நாற்பத்தாறு. நாற்பத்தாறு.

"பிள்ளே, வெயிலு மண்டயப் பொளக்குது. எந்தப் பக்கமாவது போயிரு."

சிரிப்பு எழுந்தது.

அவள் அவசரப்படவில்லை.

தொண்ணூற்று மூன்று வள்ளங்கள் ஒரு நாள் பிடித்த மீனை மொத்தமாகக் கொடுத்து வாங்கிய இடம் இது. வள்ளத்துக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஓர் ஓட்டு. ஆளை விலக்கலாம், வீட்டின் பங்கை விலக்க முடியாது. அதனால்தான் இன்று அவள் இங்கே நிற்கிறாள். ஓட்டுப் போட வந்த முதல் பெண்.

கடல் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால், செயலாளர் ததேயுஸ். அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு வருடங்களுக்கு முன்பு இதே கோட்டில் அவள் புருஷன் நின்றான். கோல்கீப்பர் கிளீட்டஸ். இறுதிப் போட்டியில் ஒரு பெனால்டியை விட்டவன். காசு வாங்கிக்கொண்டு விட்டான் என்றான் ததேயுஸ். சாட்சி இல்லை. சாட்சி எங்கே என்று கேட்கவும் ஆளில்லை.

கிளீட்டஸ் வேண்டாம் என்பவர்கள் கடல் பக்கம் போகலாம் என்றார்கள்.

கோயில் பக்கத்தில் கிளீட்டஸ் மட்டும் நின்றான்.

வேலிக்கு வெளியே கைக்குழந்தையோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பஹ்ரைன். பிறகு ஒரு பெட்டி.

கிளப்பில் ஆடியவன் செத்தால் பெட்டியின் மேல் கிளப் கொடியைப் போர்த்துவது வழக்கம். ததேயுஸ் கொடியைக் கொடுக்கவில்லை. விலக்கிய ஆளுக்கு எப்படி மைனி, என்றான்.

அண்ணியைக் கூப்பிடுவது போல மைனி என்றுதான் சொன்னான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது கிளப் மூழ்கிக்கொண்டிருந்தது. ராத்திரி ஆட்டம் நடத்த ததேயுஸ் கடன் வாங்கி நட்ட நாலு விளக்குக் கம்பங்கள் ஒரு சீசன்கூட முழுதாக எரியவில்லை. கரன்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். லீக்கில் பெயர் பதியவும் வழியில்லை. கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. கடன் எங்களுக்கு, மைதானமும் பெயரும் எங்களுக்கு என்றது.

விற்றால் ததேயுஸ் செத்தான். கல்யாணம் கட்டாதவன். அவனுக்கு வீடும் குடும்பமும் இந்தக் கிளப்தான். அது ஊருக்குத் தெரியும். ஆகவே அவள் எந்தப் பக்கம் போவாள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். மீன் கூடையோடு தெருத்தெருவாக நடந்த நாட்களில் அதை மிட்டாய் போல வாயில் அடக்கி வைத்திருந்தாள்.

ஒருநாள் அது கசந்தது.

விற்றால் அவன் கம்பெனியிடம் தோற்றவன் ஆவான். ஊர் அவனுக்காக அழும். பாவம், கடைசி வரை மல்லுக்கு நின்றான் என்று பேசும்.

அது போதாது.

அவள் கடல் பக்கம் நடந்தாள்.

ஒரு கணம் கோயில் பக்கத்தில் யாருக்கும் விளங்கவில்லை. ரெமிஜியுஸ் விசிலை ஊதினார். நாற்பத்தேழு. கிளப் ஊருக்கே.

ததேயுஸின் கண் நிறைந்துவிட்டது.

"மைனி... நீங்க எல்லாத்தையும் மனசில வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"வச்சிருக்கேன்."

ரெமிஜியுஸ் அடுத்த தீர்மானத்தைப் பிரித்தார். கடன் தீரும்வரை மாதத்தில் ஒரு நாள் பிடிக்கும் மீன் கிளப்புக்கு. கடல் பக்கத்தில் ததேயுஸ் தவிர எல்லோரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ததேயுஸ் கை தட்டினான்.

தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது. ரெமிஜியுஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பணம் ததேயுஸ் கையில போகக் கூடாது. செயலாளர மாத்தணும்ங்கிறவங்க கோயில் பக்கம் போகலாம்."

ததேயுஸ் சிரித்தபடியே திரும்பினான். தனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான்.

அவர்கள் அவனைப் பார்க்கவில்லை.

அந்த வீடுகள் ஒவ்வொன்றின் வாசலிலும் அவள் கூடையை இறக்கியிருந்தாள். கிளப்பை விக்காதீங்க என்று சொல்லியிருந்தாள். அதற்கு மேலும் கொஞ்சம் சொல்லியிருந்தாள்.

அவள்தான் முதலில் நடந்தாள். கோட்டைத் தாண்டினாள்.

பின்னால் மணலில் காலடிகள் கேட்டன. ஒன்று. நாலைந்து. பிறகு மந்தை போல.

ஏன் என்று இந்த முறையும் யாரும் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கடல் பக்கப் பாதி முழுக்க வெயில். நடுவில் ஒரே ஓர் ஆள், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

நெடுநேரம் பார்த்தாள்.

"எப்படி மைனி! கதைய முடிச்சாச்சுல்லா!"

ஜெரோம். மூச்சு வாங்க முதலில் ஓடிவந்து சேர்ந்தவன். அன்றைக்குக் கிளீட்டஸை விட்டு முதலில் ஓடியவனும் இவன்தான்.

அவளுக்கு இவன் ஞாபகம் இருந்தது. அன்றைக்குக் கடல் பக்கம் நடந்த மீதித் தொண்ணூறு பேரும் ஞாபகம் இருந்தார்கள்.

அவள் சிரித்தாள். சற்று நகர்ந்து, அவன் நிற்பதற்கு இடம் விட்டாள்.