முப்பதுக்குக் கீழே

சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

டெனோவான் தோளில் கிடந்த பயணப் பையை இறக்கவும் மறந்து நின்றான்.

சுவரோரம் இரும்பு அடுக்கு. அதில் இழுப்பறைகள் போலப் பிளாஸ்டிக் டப்பாக்கள், டப்பாவுக்கு ஒன்றாக மலைப்பாம்புகள். அடியில் சூட்டுக் கம்பி ஓடுகிறது. சென்சார் என்பது நுனியில் ரப்பர் மொட்டு வைத்த கறுப்பு ஒயர்; அது டப்பாக்களின் நடுவே இருந்து, எவ்வளவு சூடு என்று தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் அது மின்சாரத்தை விடும், நிறுத்தும்.

கிம்பர்லியில் குளிர்காலமான ஜூலையில் அந்த ஒயர் தரையில் விழுந்தால், குளிர்கிறது குளிர்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் அதை நம்பிச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். மூடிய டப்பாவுக்குள் பாம்பு எங்கே ஓடும்?

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வைத்திருந்தான். அடுக்குக்கென்று தனி பிரேக்கர் போட்டிருந்தான். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை வெட்டிவிடும் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றும் வாங்கியிருந்தான். அது இன்னும் பிரிக்காத பெட்டியாக ஜன்னலோரம் இருந்தது. அப்பிங்டனில் தம்பி கல்யாணம் முடிந்து வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டான்.

சாவியை வாங்கிக்கொள்ளத் தெருவில் ஒருவரும் முன்வரவில்லை, பக்கத்து வீட்டு மா சேபோனேயைத் தவிர. அவருக்கும் பாம்பு என்றால் உயிர் போய்விடும்.

"ஊர்ல ஆடு வளக்கிறான், கோழி வளக்கிறான். உனக்கு மட்டும் ஏன்டா இந்தப் புத்தி?" என்றபடிதான் சாவியை வாங்கினார்.

"எதையும் தொட வேணாம் மா. நம்பரை மட்டும் பாருங்க. முப்பதுக்குக் கீழ போனா போன் பண்ணுங்க."

போன் வரவில்லை. வேளைக்கொரு செய்திதான் வந்தது. முப்பதுக்கு மேலதான் இருக்கு, நீ நல்லா சாப்பிடு.

இப்போதும் தெர்மோஸ்டாட்டின் சிவப்பு எண் முப்பத்திரண்டு என்றது.

எதனுடைய சூட்டை அது சொல்கிறது?

கூக்கியின் டப்பாவை இழுத்தான். பள்ளி முடித்த ஆண்டு அவன் வாங்கிய முதல் பாம்பு அவள். டப்பா பாதியில் சிக்கிக்கொண்டது. செத்த வாடை வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

சுருண்டு கிடந்தவள் மெல்லத் தலை தூக்கி நாக்கை நீட்டினாள்.

தொட்டுப் பார்த்தான். சூடு இல்லை. சற்றுக் குளிர்ந்துதான் இருந்தாள். அடுத்த டப்பா. அதற்கடுத்தது. எல்லாமே மந்தமாக, சோம்பலாக, உயிரோடு.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் ஒயர் கண்ணில் பட்டது. அடுக்கின் பின்னால் இறங்கி, அடியில் நுழைந்து, சிமெண்டுத் தரையில் சற்றுத் தூரம் வந்து, ஒரு துணி மூட்டைக்குள் போயிருந்தது.

துணி அல்ல. மா சேபோனே கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் மட்டும் போர்த்தும் கட்டம் போட்ட சால்வை. கொடியில் காயும்போது பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்.

உள்ளே ஒரு வெந்நீர்ப் பை இளஞ்சூடாக இருந்தது. அதன்மேல் ஒயரின் நுனி. அந்த இளஞ்சூட்டை நம்பித்தான் தெர்மோஸ்டாட் சூட்டை ஏற்றாமல் இருந்திருக்கிறது.

"வந்துட்டியா?" வாசலுக்கு வெளியே கெட்டிலோடு மா சேபோனே நின்றார். "நான் உள்ள வரல. ஆள்தான் வந்துட்டியே, இனிமே நீயே தண்ணி மாத்து."

"இது என்ன மா?"

"நீ போன மறுநாள் காலையில பாத்தேன். உன் பாம்புக் குட்டி ஒண்ணு தப்பிச்சு வந்து தரையில கெடந்துச்சு. ஒல்லியா, கறுப்பா, குளிர்ல வெறச்சுப் போயி. நம்பரும் பதினஞ்சுக்கு வந்துடுச்சு. போன் பண்ணத்தான் எடுத்தேன். தம்பி கல்யாணத்துல நிக்கிறவன, எதுக்குக் கலங்கடிக்கணும்? கர்த்தர்கிட்ட சொல்லிட்டு, துடைப்பக் கட்டையால மெதுவா தள்ளி இதுல படுக்க வச்சேன். கொஞ்ச நேரத்துல நம்பர் ஏறிடுச்சு. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், குளிர் அதுக்குத்தான்னு. அப்புறம் தண்ணி ஆற ஆற மாத்திக்கிட்டே இருந்தேன்."

"ராத்திரியிலுமா?"

"ஏன், ராத்திரின்னா அதுக்குக் குளிராதா?"

டெனோவான் சால்வையின் பக்கம் குனிந்தான்.

அவர் வாசலைத் தாண்டாமல் கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தார். "ஒரு தடவைகூட அசையல டெனோ. பொழச்சுக்குமா?"

அவன் சால்வையின் மடிப்பை விலக்கினான். ரப்பர் மொட்டு வெந்நீர்ப் பையில் தலை சாய்த்துக் கிடந்தது. சுவரோரம் ஏதோ ஒரு டப்பாவுக்குள் காகிதம் சரசரத்தது.

"எல்லாரும் பொழச்சுட்டாங்க மா."

"எல்லாருமா? விழுந்தது ஒண்ணுதானே?"

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். கெட்டிலை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.