காட்சிக்கு வைத்த கேமரா

அன்று கேமரா கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசைமேல், காட்சிக்கு வைத்த கேமராவும் அதைப் பொருத்தும் ஒரு முக்காலியும். அந்தப் பக்கம் கடைக்காரர், இந்தப் பக்கம் ரெஜினா.

ரெஜினா வருவது இது ஐந்தாவது தடவை. வரும்போதெல்லாம் அந்தக் கேமராவை எடுத்து, தெருவில் போகும் பேருந்துகளைப் படம் பிடித்துப் பழகுவாள்.

"வாங்கினதும் முதல்ல கடலுக்குத்தான் போறேன் அண்ணே," என்றாள்.

"கேட்டியா? நான் கடலைப் பார்க்கப்போறேன்," என்றது கேமரா.

"ரொம்பக் குதிக்காதே. எனக்குக் கால் மூணு, நானே இன்னும் வாசலைத் தாண்டலை," என்றது முக்காலி.

ரெஜினா பணத்தைக் கொடுத்தாள். கேமராவைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"சீல் பிரிக்காத புதுப் பெட்டியா குடுங்க அண்ணே. இதை ஊரே தொட்டிருக்கு."

"இதைப் போய் உனக்குக் குடுப்பேனாம்மா?"

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். அதை நெஞ்சோடு அணைத்தபடி அவள் பேருந்து ஏறினாள்.

வெகுநேரம் கழித்துக் கேமரா கேட்டது: "என்னை எப்போ விற்பாங்க?"

"உள்ளே இருக்கிற பெட்டியெல்லாம் தீர்ந்த பிறகு."

"இன்னும் எத்தனை மீதி?"

முக்காலி எட்டிப் பார்த்து, இரண்டு தடவை எண்ணியது.

"பதினொன்று."